காலுக்குச் சோலி இல்லாத வண்டி

என் கொழுந்தன் கந்தவேலைப் பற்றிச் செண்பகனூரில் யாரைக் கேட்டாலும் முதலில் "அய்யோ பாவம்" என்பார்கள். பாவமாவது ஒன்றாவது! பத்து வருடமாக அவனோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அவனுடைய வாய்க்கும் வீம்புக்கும் எதிரே நின்று பார்த்தால் யார் பாவம் என்று தெரியும்.

பதினோரு வருடம் மலையில் பிக்கப் வண்டி ஓட்டியவன். மேல்மலைக் கிராமங்களில் பூண்டும் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி வத்தலக்குண்டு மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவான். இத்தனை வளைவிலும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் அவன் விழுந்தது, நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து. பூம்பாறையில் மூட்டைகளின் மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்துக் கட்டினான். கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தான். இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து இருபத்திரண்டு படி கீழே இருக்கிறது. காலையில் என் வீட்டுக்காரர் சேனாதிபதி தன் தம்பியை முதுகில் சுமந்து மேலே கொண்டுவருவார். பிறகு சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். தார்ப்பாய் தைக்கிற கடை என்னுடையது. பக்கத்திலேயே அவருடைய வெல்டிங் பட்டறை. கந்தவேல் என் கடையில் உட்கார்ந்து தார்ப்பாய்க்குக் கயிறு கோக்கிற வளையம் அடிப்பான்.

நாற்காலியில் ஏற்ற, இறக்க, பாயில் கிடத்த என்று நாளைக்குப் பத்து தடவையாவது அவனைத் தூக்கவேண்டும். பத்து தடவையும் சண்டைதான்.

"கேக்காமத் தூக்காதீங்க மதினி."

"ஆமா, ராசாகிட்ட மனுக் குடுத்துட்டுத் தூக்குறேன். அடுப்புல சோறு கொதிக்குது, கையக் குடு."

நான் தூக்கிவிடுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பான். அப்போதெல்லாம் அவனாக "தூக்குங்க" என்று கேட்டதே இல்லை. கேட்கும்வரை நான் காத்திருந்ததும் இல்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெளியூர்க்காரர் ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் ஒரு சின்னப் பாய்மரப் படகை இழுத்துக்கொண்டு வந்தார். மழையில் நனையாமல் அதை மூடிவைக்க உறை தைக்கவேண்டும். அளவெடுக்க வசதியாக மூன்று நாள் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். பாயை எப்படிக் கட்டுவது, சுக்கானை எப்படித் திருப்புவது என்று கந்தவேல் அவரைக் குடைந்து குடைந்து கேட்டதை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பார்க்கிறேன், நாற்காலி காலியாகக் கிடக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் ஆள் படகுக்குள் உட்கார்ந்திருக்கிறான். முக்காலியில் கை ஊன்றி, டிரெய்லர் சக்கரத்தின் மேல் தகரத்தைப் பிடித்து, தானாகவே ஏறியிருக்கிறான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"மதினி, இதுல காலுக்கு ஒரு சோலியும் இல்ல. ஒரு கைக்குக் கயிறு, ஒரு கைக்குச் சுக்கான். அம்புட்டுத்தான்."

"அதுக்கு?"

"நான் ஒண்ணு செய்யப் போறேன். ஒரே ஒரு தடவை நானாப் போயி நானாத் திரும்பி வரணும். எவன் கையும் பின்னால இருக்கக் கூடாது."

"எவ கையும்னு சொல்லு. தள்ளுறவ நானு."

சிரிக்காமல் என்னையே பார்த்தான். "ஆமா மதினி. உங்க கையும்தான்" என்றான். சுருக்கென்று இருந்தது, சொல்லாமல் என்ன. அவனுக்கு முன்னால் காட்டிக்கொள்ளாமல் தூக்கைத் திறந்து சோற்றைப் போட்டேன்.

அந்த வாரமே ஒரு பெரிய தார்ப்பாயைக் கடைத் தரையில் விரிக்கச் சொன்னான். அதன்மேல் இறங்கி, என் தையல் சுண்ணாம்புக் கட்டியால் படகை முழு அளவுக்கு வரைந்தான். தரையில் கையை ஊன்றி நகர்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காகிதத்தில் வரையேன்டா என்றால், "காகிதத்துல வரைஞ்சா நான் அதுக்குள்ள படுத்துப் பார்க்க முடியுமா?" என்பான். வரைவான், அதற்குள் உட்கார்ந்து பார்ப்பான், கை எட்டாத இடத்தை அழித்து மறுபடி வரைவான். வாடிக்கையாளர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

படகின் நீளம் பன்னிரண்டு அடி. ஏன் பன்னிரண்டு? தண்ணீருக்காக அல்ல. மலையிறங்கும் ரோட்டில் எந்த வளைவு எவ்வளவு அகலம் என்பது அவனுக்கு மனப்பாடம். வண்டியும் டிரெய்லரும் பின்னால் எடுக்காமல் ஒரே மூச்சில் திரும்பவேண்டுமானால் அதற்கு மேல் போகக்கூடாது என்று கணக்குப் போட்டான். பாய்மரமும் படகை மீறி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற இரண்டு குழாய்களாகச் செய்தான். நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமே டிரெய்லரிலிருந்து இறக்கவேண்டும் என்பதால் எல்லாம் மெல்லிய ப்ளைவுட். கவிழ்ந்தாலும் முழுகாமல் இருக்க இரண்டு முனையிலும் மூடி இறுக்கிய காலி கேன்கள். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் இருக்க, நடுவில் ஒரு நீளப் பெட்டி வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிற பலகை. அதை ஏற்றி இறக்கக் காலால் மிதிக்கத் தேவையில்லை, கையால் இழுக்கிற கயிறுதான்.

பாய் மட்டும் என் பொறுப்பு. தார்ப்பாய் கனம் என்று கூடாரத் துணியில் வெட்டினேன். அது தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிவிடும், கொஞ்சம் வயிறு வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தான்.

"ஏலே, இருபது வருசமா ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தச்சவ நானு. எங்க புடைக்கணும் எங்க ஒடுங்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தாரியா?" என்றேன். வெட்கத்தில் அவன் காது சிவந்துவிட்டது. ஓரங்களில் மடிப்புப் பிடித்துத் தைத்தேன். பாய் நன்றாகவே வந்தது.

பட்டறையில் என் வீட்டுக்காரர் டிரெய்லருக்குச் சட்டம் அடித்தார், படகை ஒட்டினார், வாய்க்குள் திட்டிக்கொண்டே எல்லாம் செய்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கந்தவேல் யார் பேச்சையும் கேட்கவில்லை. மலையேறும் வண்டிக்குக் கனமான மூட்டையை முன்னால்தான் போடவேண்டும். பின்பாரம் அதிகமானால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. இது எங்கள் பக்கம் டிரைவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறின விஷயம். அதனால் படகிலும் தன் இருக்கையை முன்தள்ளி வைத்தான், நடுப்பலகையையும் முன்னால் கொண்டுபோனான், போதாததற்குக் காலடியில் இரண்டு இரும்புத் துண்டுகளையும் வைத்தான். எங்கள் மூன்று பேருக்குமே அது சரியாகத்தான் பட்டது.

ஓட்டிப் பார்க்க எங்கள் கொடைக்கானல் ஏரி வேண்டாம் என்றுவிட்டான். "இங்க இருக்கிற எல்லாரும் என்னைய ஒரு தடவையாவது தூக்கியிருக்காங்க மதினி. அவங்க முன்னாடி வேணாம்." கொடைக்கானலில் காற்றும் மலையில் முட்டிக்கொண்டு நாலா பக்கமும் சுற்றும். அதனால் வத்தலக்குண்டைத் தாண்டி ஒரு கண்மாயைப் பிடித்தோம். மீன் குத்தகைக்குக் காவலாக ராக்காயி என்ற அம்மாள் கரையில் குடிசை போட்டிருந்தாள். வலை கட்டியிருக்கும் தெற்குப் பக்கம் போகக்கூடாது என்றாள். "பங்குனி பொறந்தா மடையத் தொறந்துருவாக. அதுக்கப்புறம் உங்க படகு சேத்துலதான் ஓடணும்" என்றும் சொல்லிவைத்தாள்.

அது தை மாதக் கடைசி. கண்மாய் நிறைய தண்ணீர். கந்தவேலுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்காரவைத்ததும், என் வீட்டுக்காரர் படகின் பின்னால் ஒரு நீள நைலான் கயிற்றைக் கட்டினார்.

"கயித்த நம்பித்தாண்ணே நான் இப்படிக் கெடக்கேன். அவுருங்க."

"கயிறு இல்லாமத் தண்ணியில விட மாட்டேன்லே. வாய மூடு."

படகு போயிற்று. ஐம்பது அடி நேராகப் போயிருக்கும். பிறகு மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு காற்று வரும் திசையைப் பார்த்துத் தானாகத் திரும்பி நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடித்தது. அவன் சுக்கானை இழுக்கிறான், தள்ளுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து போய்ச் சீமைக்கருவேல முள்ளில் செருகிக்கொண்டது. இழுத்து வந்து மறுபடி விட்டோம். மறுபடியும் அதே கதை. மூன்றாவது தடவையும் என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது கரையில் ஆடு மேய்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"முளைக்குச்சியில கட்டுன ஆடாட்டமுல்ல சுத்துது" என்றாள் ராக்காயி. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பெருமாள்மலை வந்தது. அங்கே டீக்கு நிறுத்தியபோது, "அதப் பிரிச்சு வெறகுக்குப் போட்ருங்கண்ணே" என்றான். டீயைக் குடிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளை நான் மறக்கமாட்டேன். வளையம் அடிப்பான், சாப்பிடுவான், படுப்பான். நான் தூக்கினால் பேசாமல் இருந்தான். பல்லைக் கடிக்கவில்லை, "கேக்காமத் தூக்காதீங்க" என்று சொல்லவில்லை. தூக்கினால் வருகிறான், வைத்தால் இருக்கிறான். அவன் கத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. அவன் கத்தாதபோதுதான் பயம் வந்தது. இந்த மனுஷன் உள்ளுக்குள்ளே எல்லாவற்றையும் விட்டுவிட்டான் என்று புரிந்தது. பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

பதினோராம் நாள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். எங்கள் ரோடு பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவன் தலையைத் தொங்கப் போட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். நாற்காலி பள்ளத்துக்கே இழுக்கிறது. என் கை வலிக்கிறது, எதிரே டவுன் பஸ் வருகிறது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நிமுந்து பின்னால சாஞ்சு உக்காருடா! முன்னால பாரத்தப் போட்டா வண்டி பள்ளத்தப் பாத்துத்தான் திரும்பும்னு ஏழு வருசமாத் தொண்டை கிழியக் கத்துறேன். காதுல ஏறுதா உனக்கு?"

அவன் தலையைத் தூக்கினான். "நிறுத்துங்க மதினி."

"என்னடா?"

"இன்னொரு தடவை தள்ளுங்க. நான் குனிஞ்சிருக்கேன்." தள்ளினேன், இழுத்தது. "இப்பச் சாஞ்சுக்கிறேன். தள்ளுங்க." தள்ளினேன், நேராகப் போயிற்று. பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இவன் நடுரோட்டில் குனிகிறான், சாய்கிறான், குனிகிறான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நான் நினைத்தேன்.

"மதினி, படகோட மூக்க நான் அமுக்கி ஊணி வச்சிருக்கேன். பலகையும் அங்கதான் ஊணி நிக்குது. காத்து பாயத் தள்ளுது. மூக்கு நகராதுன்னா பின்பக்கம் சுத்தத்தானே செய்யும்?" என்னைத் திரும்பிப் பார்த்தான். "நான் படகு செய்யல. பிக்கப் செஞ்சிருக்கேன்."

"இத ஏழு வருசத்துக்கு முன்னாடியே என்னையக் கேட்டிருக்கலாம்" என்றேன். எனக்கு அதெல்லாம் பாதிதான் புரிந்தது. ஆனால் அவன் கத்த ஆரம்பித்துவிட்டான் என்பது புரிந்தது. கடைக்குப் போனதும் நான் நாற்காலியிலிருந்து தூக்கப் போனேன். "கேக்காமத் தூக்காதீங்க!" என்றான். அப்பாடா என்று இருந்தது.

இரும்புத் துண்டுகள் பட்டறைக்கே திரும்பின. இருக்கை ஒரு கை நீளம் பின்னால் போயிற்று. நடுப்பெட்டியை அறுத்தெடுத்து முக்கால் அடி தள்ளி ஒட்டவேண்டும் என்றபோது என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். படகின் அடியில் ஓட்டை போட்டு மூடுவது விளையாட்டா? ஆனாலும் செய்தார். பூச்சு காய்வதற்குள் மாசி முடிந்துகொண்டிருந்தது.

மறுபடி போனபோது தண்ணீர் வற்றி, கரையோரம் முழங்கால் சேறு தெரிந்தது. "இன்னும் நாலு நாளுல மடையத் தொறக்காக. வெரசா முடிங்கப்பா" என்றாள் ராக்காயி. கண்மாயின் நடுவில் பட்டுப்போன ஒரு மரம் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பிவரப் போவதாகக் கந்தவேல் சொன்னான். என் வீட்டுக்காரர் லாரி ட்யூபைக் காற்றடித்து வைத்தார், பழையபடி கயிற்றையும் கட்டினார்.

இந்தத் தடவை கந்தவேல் அண்ணனோடு சண்டை போடவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்னைத்தான் பேசும். அது தெரிந்தேதான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். இறுகிக் கிடந்ததில் நகம் ஒன்று பெயர்ந்தது.

"வள்ளி, அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார் அவர்.

"ஆச்சுன்னா என்னையக் கேளுங்க."

படகு போயிற்று. ஐம்பது அடி, நூறு அடி. மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. நான் தைத்த பாய் நன்றாகப் புடைத்தது. மரத்தை நெருங்கியபோது சுக்கானைத் தள்ளினான், பாய் மறுபக்கம் விழுந்தது, படகு மரத்தைச் சுற்றி வந்துவிட்டது. "ஏ ஆத்தே!" என்று கத்தியது நான்தான். அதற்குள் காற்று செத்துப்போயிற்று.

பாய் துவண்டு தொங்கியது. படகு நடுக்கண்மாயில் அப்படியே நின்றது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு ட்யூபை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு வள்ளி. போயி இழுத்துட்டு வந்துர்றேன்."

"அவன் கூப்பிட்டானா? கூப்பிடட்டும், பெறகு போங்க."

"விடுங்கப்பா, வெயில் சாஞ்சாக் காத்து எந்திரிக்கும்" என்று ராக்காயி குடிசையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

அவன் கூப்பிடவே இல்லை. சுக்கானை விட்டுவிட்டான், இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தான். அங்கே என்னடா செய்தாய் என்று பிறகு கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். தன்னை யாரும் எங்கேயும் கொண்டுபோய் வைக்காமல் அரை மணி நேரம் இருந்தானாம்.

ராக்காயி சொன்னபடியே காற்று வந்தது. பாய் ஒரு தடவை சிலிர்த்துப் புடைத்தது. படகு கரையைப் பார்த்துத் திரும்பி வந்தது, வரவரப் பெரிதாயிற்று. நான் எப்போது தண்ணீருக்குள் இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. முழங்கால் வரை சேற்றில் நின்று, சேலையெல்லாம் நனைய, படகைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வருடப் பழக்கம்.

"மதினி! கைய எடுங்க!"

கையை மேலே தூக்கிவிட்டேன். படகு என்னை உரசுகிற தூரத்தில் தாண்டிப் போய்ச் சேற்றில் தானாக ஏறி நின்றது. தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவன் அவசரப்படவில்லை. பலகையை மேலே இழுத்துக் கட்டினான். பாயை இறக்கிச் சுருட்டினான். கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிப் பக்கத்தில் வைத்தான். முகத்தைத் தண்ணீர் அள்ளிக் கழுவினான். நானும் அவரும் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், பக்கத்தில் போகவில்லை. எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"இப்பத் தூக்குங்க மதினி" என்றான்.

ஏழு வருடத்தில் அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. தூக்கினோம்.

மடை திறந்து, அந்த வருடம் கண்மாய் வற்றிப்போயிற்று. படகு இப்போது பட்டறைச் சுவரோரம், நான் தைத்த உறைக்குள் இருக்கிறது. மழை பெய்து கண்மாய் நிரம்பினால் டிரெய்லரைக் கழுவிப் பூட்டுவோம். மற்ற நாளெல்லாம் அதே நாற்காலிதான், அதே இருபத்திரண்டு படிதான், அதே சண்டைதான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. "தூக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது கையைக் கொடுக்கிறேன். சில நாள் "இருங்க மதினி" என்கிறான். அடுப்பில் சோறு கொதிக்கும். இருக்கிறேன்.